அவசரத் தண்ணீர்

புனே நகரத்துக்கு ஆண்டில் கிடைப்பது 700 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் மழை. சென்னைக்குப் பெய்வதில் ஏறக்குறையப் பாதி. அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் சஹ்யாத்ரி மலை முகட்டில், லோணாவளா பக்கமும் தாம்ஹிணி கணவாயிலும் கொட்ட வேண்டியதையெல்லாம் கொட்டிவிட்டு, மிச்சம் மீதியோடு இந்த ஊருக்கு வந்து சேர்கின்றன. மழை மறைவில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. ஜூலையில் நாள் முழுக்கத் தூறும், குடை நனையும், அவ்வளவுதான் என்ற பெயர் ஒரு காலத்தில் இதற்கு இருந்தது.

2019 செப்டம்பர் 25 இரவு, ஊரின் தெற்கே காத்ரஜ் குன்றுகளின் மேல் சில மணி நேரம் அடைமழை பெய்தது. காத்ரஜ் ஏரி நிரம்பி வழிந்தது. அங்கிருந்து வடக்கே இறங்கி முட்டா ஆற்றில் கலக்கும் ஆம்பில் ஓடா என்ற சிற்றோடை பத்மாவதி, சகாகர் நகர், அரண்யேஷ்வர் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. குடியிருப்பு வளாகங்களின் சுற்றுச்சுவர்கள் சரிந்தன. டாங்கேவாலா காலனியில் சுவர் இடிந்து ஆட்கள் செத்தார்கள். விடிந்தபோது கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. நகரிலும் சுற்றுவட்டாரத்திலுமாக 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆறு பெருகி வந்த வெள்ளமல்ல இது. வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஓர் ஓடை செய்த வேலை.

மழை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே குன்றும் அதே ஓடையும் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே இருக்கின்றன. மாறியது தண்ணீர் கீழே இறங்கி வரும் வேகம். நகரத்து வெள்ளத்துக்கும் நகரத்து ஆறு நாறிப்போவதற்கும் வேர் ஒன்றே, அது அந்த அவசரம்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் ஊர் அளவில் ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். வானிலை அறிக்கையில் "5 சென்டிமீட்டர் மழை" என்று வாசிக்கிறார்களே, அது அந்த ஒரு மனையில் மட்டும் 11,000 லிட்டருக்கு மேல். கோடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். மனை வெறும் புல்தரையாகவும் புதராகவும் இருந்தால், இதில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்குதான் உடனே ஓடிப்போகும். மீதி மண்ணில் இறங்கும், இலையில் தங்கும், பள்ளத்தில் நிற்கும். அதே மனையில் வீடு கட்டி, காலியிடத்துக்கும் சிமென்ட் பூசி, வாசலில் பேவர் பிளாக் பதித்துவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு தெருவுக்கு வந்துவிடும்.

1851இல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வானி இந்த எண்ணத்துக்கு ஓர் எளிய வடிவம் கொடுத்தார். 1889இல் அமெரிக்காவில் எமில் குய்க்லிங் அதை நகர வடிகால்களுக்குப் பொருத்தினார். மழையின் தீவிரம், நிலத்தின் பரப்பு, எவ்வளவு பங்கு ஓடும் என்ற விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வரும் உச்ச ஓட்டம் கிடைத்துவிடும். இன்றைக்கும் நம் நகராட்சிப் பொறியாளர்கள் சிறிய வடிகாலுக்கு இதைத்தான் போடுகிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் முழுக்கக் கட்டடமான பகுதியில் ஒரு மணி நேரத்தில் 80 மி.மீ. பெய்தால், வினாடிக்கு 20,000 லிட்டர் கீழே வர வேண்டும். ஓர் ஓடைக்கு இது பெரிய அளவு. அதே பகுதி புதர்க்காடாக இருந்தபோது இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்திருக்காது.

கணக்கின் நுட்பமான இடம் நேரம். குன்றின் உச்சியில் விழுந்த துளி ஓடையின் வாய்க்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும்? புல், கல், பள்ளம், குட்டை என்று தடுக்கி விழுந்து வந்தால் மேலிருந்து வரும் தண்ணீரும் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரும் வெவ்வேறு நேரத்தில் வந்துசேரும். முதலில் வந்தது போய் முடிந்த பிறகே பின்னது வரும். தார்ச்சாலையும் சிமென்ட் கால்வாயும் வந்த பிறகு எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கிறது. மொத்த அளவு அப்படியே இருந்தால்கூட உச்சம் எகிறிவிடும். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செங்கல் சுற்றுச்சுவர்கள் ஏன் அப்படிச் சரிந்தன என்பது புரியும். வளாகச் சுவரைக் கட்டுகிறவர் திருடனை நினைத்துத்தான் கட்டுகிறார். ஒரு பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்துக் கட்டுவதில்லை.

புனேயின் நிலமும் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கிற நிலமில்லை. தக்காணத்தின் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கருங்கல் அது. மேலே மண் மெலிது. பாறை வெடிப்புகளும் சிதைந்த அடுக்குகளும் இருக்கும் இடங்களில்தான் நீர் கீழே இறங்கும். குன்றுகளை அங்கே டேக்டி என்பார்கள். பார்வதி, தள்ஜாய், வேதாள் டேக்டிகளின் சரிவிலும் அடிவாரத்திலும் இருக்கும் கொஞ்ச மண்ணும் புல்லும்தான் மழையைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிற இடம். மனை போடுவதற்காகக் குன்றை வெட்டும்போது முதலில் போவதும் அந்த மண்தான்.

ஓடையில் மனிதன் கைவைப்பதும் இங்கே புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா காலத்தில், ஊருக்குள் ஓடி முட்டாவில் கலந்துகொண்டிருந்த ஆம்பில் ஓடாவை மேற்கே திருப்பினார்கள். பார்வதிக் குன்றின் அடிவாரத்தில் அதை மறித்து ஓர் ஏரி அமைத்தார்கள். ஏரியின் நடுவே ஒரு தீவு, பிற்பாடு அதில் ஒரு பிள்ளையார் கோயில். இன்று தண்ணீர் இல்லை. ஏரி இருந்த இடம் சாரஸ்பாக் பூங்கா. கோயிலை மட்டும் ஊர்க்காரர்கள் இன்னமும் "குளத்துப் பிள்ளையார்" என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள்.

நானாசாகேப் காலத்திலேயே காத்ரஜில் அடுத்தடுத்து இரண்டு ஏரிகள் அமைந்தன. அங்கிருந்து சனிவார் வாடா அரண்மனை வரை பூமிக்கடியில் ஒரு வாய்க்கால் கட்டினார்கள். கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக, ஆள் உள்ளே இறங்கி நடக்கும் அளவுக்கு உயரம். இடையிடையே மேலே திறந்த கிணறு மாதிரிக் குழிகள். அவற்றுக்கு உச்ச்வாஸ் என்று பெயர். காற்று வருவது ஒரு வேலை. வருகிற தண்ணீர் அங்கே தயங்கி, அழுத்தம் தணிந்து, வண்டலைக் கீழே விடுவது இன்னொரு வேலை. ஊருக்குள் ஹௌத் எனப்படும் கல் தொட்டிகளில் ஜனங்கள் தண்ணீர் மொண்டுகொண்டார்கள். மோட்டார் இல்லை, குளோரின் இல்லை. சரிவும் பொறுமையும் மட்டும்தான். அந்த அமைப்பைப் பொற்காலமாக்கிப் பேச நான் வரவில்லை. அரண்மனைக்கு வந்த தண்ணீர் எல்லாச் சாதித் தெருவுக்கும் ஒரே மாதிரி வந்திருக்காது. ஆனால் ஓடையைத் திருப்பியவர்கள் அதற்கு இளைப்பாற ஓர் ஏரியையும் கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் திருப்பத்தை வைத்துக்கொண்டு ஏரியை எடுத்துவிட்டார்கள்.

கடற்கரை ஊர்களில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குத்தான் திட்டமிடப்பட்டவை. அதுவும் கடல் வற்றம் இருக்கும் நேரத்துக்கு. ஏற்றம் வந்துவிட்டால் வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். உள்ளேயிருந்து வருவது வெளியேற முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்தபோது நடந்தது இதுதான். சென்னையில் அடையாற்று முகத்துவாரத்தை மணல் மேடு அடைப்பதும், பக்கிங்காம் கால்வாயில் தண்ணீர் எதிர்த்து ஏறுவதும் இதே கதை.

புனேயில் கடல் இல்லை. கடலின் வேலையைக் கடக்வாஸ்லா அணை செய்கிறது. முட்டாவின் மேற்பகுதியில் பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் என்று மூன்று அணைகள். எல்லாத் தண்ணீரும் கடைசியாகக் கடக்வாஸ்லாவுக்கு வந்து, அங்கே மதகு திறந்தால் ஊருக்குள் பாயும். மலையில் பெருமழை பெய்யும் நாளில்தான் மதகு திறப்பார்கள். ஊரிலும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் மழை. ஆறு கரை தொட்டு ஓடும்போது ஓடைகளின் வாய் அடைபடுகிறது. ஓடைத் தண்ணீர் போக வழியின்றிப் பின்வாங்கித் தெருவில் ஏறுகிறது. 2024 ஜூலை 25 அன்று சிவாஜி நகரில் 114 மி.மீ. மழை. அணையிலிருந்து வினாடிக்கு 35,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறப்பு. சிங்ஹகட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரியில் தரைத்தள வீடுகள் மூழ்கின. முன்னறிவிப்பு ஒழுங்காக வரவில்லை என்று குடியிருந்தவர்கள் கொதித்தார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்த பிறகு அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு இந்தக் கொதிப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். அணையைப் பார்த்தாலே புனேக்காரர்களுக்கு ஒரு பழைய பயமும் உண்டு. 1961 ஜூலை 12 அன்று கட்டுமானத்தில் இருந்த பான்ஷேத் உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லாவும் உடைந்து, பழைய ஊரின் பேட்டைகள் நீரில் போயின.

மகாராஷ்டிரத்தில் ஆற்றங்கரையில் நீலக்கோடு, சிவப்புக்கோடு என்று இரண்டு கோடுகள் போடுவார்கள். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் தொடும் எல்லை நீலம். 100 ஆண்டுக்கு ஒருமுறை வருவது சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது ஆற்றுக்குப் போடுகிற கோடு. ஊரின் மேல் பெய்கிற மழைக்கு இப்படி ஒரு கோட்டைப் போட முடியாது.

இனி தண்ணீரின் தரம். முதல் மழையின்போது தெருவோரம் ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். மேலே எண்ணெய் வானவில் மிதக்கும், கீழே கறுப்புக் குழம்பு. மாதக்கணக்கில் சாலையில் சேர்ந்ததெல்லாம் முதல் சில மில்லிமீட்டர் மழையிலேயே கிளம்பி வந்துவிடும். டயர் தேய்ந்த தூளில் துத்தநாகம், பிரேக் தூளில் செம்பு, தகரக் கூரையிலிருந்து இன்னும் கொஞ்சம் துத்தநாகம், நாய்க் கழிவு, மாட்டுச் சாணம், கட்டுமான மணல், பிளாஸ்டிக். பின்னால் வரும் மழைநீர் ஓரளவு தெளிவாக இருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. ஆண்டுக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. டயர் ரப்பர் வெடிப்பு விடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து புதிய நச்சாக மாறுகிறது, கொன்றது அதுதான் என்று 2020இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்பே நடந்த ஒரு சோதனை. நச்சின் பெயரே தெரியாத நிலையில், அதே சாலைத் தண்ணீரை மணலும் மட்கும் கலந்த மண் அடுக்கு வழியாக மெதுவாக வடியவிட்டு மீன் தொட்டியில் ஊற்றினார்கள். மீன்கள் பிழைத்தன.

மண் எப்படி இதைச் செய்கிறது? பாதி வேலை வெறும் காத்திருப்பு. தண்ணீரில் மிதக்கும் துகள் கீழே இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஸ்டோக்ஸ் விதி சொல்வது இதைத்தான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம். களிமண் துகளுக்கு நாட்கள், சில சமயம் வாரங்கள். உலோகங்களும் பாஸ்பரஸும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வருவது இந்தப் பொடித் துகள்களில்தான். ஆகவே சிமென்ட் கால்வாயில் 20 நிமிடத்தில் ஆற்றைத் தொடும் தண்ணீர் மணலை மட்டுமே வழியில் விடும், விஷத்தைக் கையோடு கொண்டுபோகும். ஒரு குளத்தில் ஒரு நாள் தங்கிப்போனால் வெள்ளத்தின் உச்சமும் தணிகிறது, அழுக்கில் பெரும் பங்கும் அங்கேயே படிகிறது. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து என்று சொல்லக்கூடிய இடங்கள் அறிவியலில் அபூர்வம். இது அப்படி ஓர் இடம்.

நம் ஊர்களில் இதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, சாக்கடை. காகிதத்தில் மழைநீர் வடிகால் தனி, பாதாள சாக்கடை தனி. தரையில் அப்படியில்லை. குளியலறைக் குழாயை வசதிக்கு மழைநீர் வடிகாலில் சொருகிவிடுவார்கள். மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் சொருகிவிடுவார்கள். வறண்ட நாளில் வடிகாலில் சாக்கடை ஓடும், மழை நாளில் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு மழைநீர் பொங்கும். புனேயில் ஓடையை நாலா என்று சொல்லிச் சொல்லிச் சாக்கடையாகவே ஆக்கிவிட்டார்கள். முளா, முட்டா என்ற ஊரின் இரண்டு ஆறுகளும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் பட்டியலில் இருக்கின்றன. குளிக்கத் தகுந்த ஆற்றில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வாரியத்தின் அளவு. இரண்டும் சேர்ந்த முளா-முட்டா ஊரைத் தாண்டும்போது அந்த எல்லையை எப்போதோ கடந்துவிடுகிறது.

ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனில் 11 சுத்திகரிப்பு நிலையங்கள், நாளொன்றுக்கு 396 மில்லியன் லிட்டர் கொள்ளளவு என்று 2016இல் ஒப்பந்தமானது. வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022 மார்ச்சில் 44 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, அழகுபடுத்தும் திட்டம். ஆற்றின் குறுக்களவு குறையும், கரையோர மரங்கள் போகும் என்று ஊரின் சூழல் ஆர்வலர்கள் எதிர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். என் பார்வையில் வரிசை தலைகீழாகிவிட்டது. ஓடைகளைச் சரிசெய்யாமல் ஆற்றுக்கு அலங்காரம் செய்தால், நடைபாதையில் நிற்பவருக்குச் சாக்கடை இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆம்பில் ஓடாவுக்கும் ஒரு திட்டம் வந்தது: வளைவை நீக்கி நேராக்குவது. 2021 ஜூன் 24 அன்று தாண்டேகர் பாலத்தின் அருகே ஓடையோரக் குடிசைகளை இடித்தார்கள், கொட்டும் மழைக்காலத்தில். அன்றே நீதிமன்றம் தடை போட்டது. நேராக்கிய கால்வாய் அந்த இடத்தில் தண்ணீரைச் சீக்கிரம் கடத்தும், உண்மைதான். கீழே இருப்பவருக்கு அதைவிடச் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுக்கும். மேலே குன்றுச் சரிவில் எழும் அடுக்குமாடிகளின் கூரைத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்காமல், கீழே கரையில் ஒதுங்கியவரின் வீட்டிலிருந்து தொடங்குவது எளிது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

இதெல்லாம் தொலைவில் யாரோ ஒருவரின் பிரச்சினை என்று சென்னை வாசகர் நினைத்தால், ஒரு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முளா-முட்டா பீமாவில் கலக்கிறது. பீமா உஜனி அணையில் தேங்குகிறது. நாரைகளும் பூநாரைகளும் வந்து இறங்கும் பிக்வண் நீர்ப்பரப்பு அது, புனேயின் பாஸ்பரஸ் பாசியாகப் பச்சை பிடிக்கும் இடமும் அதுதான். சோலாப்பூர் குடிப்பது அந்தத் தண்ணீரை. உஜனியைத் தாண்டிய பீமா ராய்ச்சூர் அருகே கிருஷ்ணாவில் சேர்ந்து ஸ்ரீசைலம் போகிறது. ஸ்ரீசைலத்திலிருந்துதான் சோமசிலா, கண்டலேறு வழியாக 1996 முதல் பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா நீர் வருகிறது. 1976 உடன்பாட்டில் சென்னைக்காகத் தலா ஐந்து டி.எம்.சி. விட்டுக்கொடுத்த மூன்று மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. வழியில் பல அணைகளில் தங்கி, படிந்து, கலந்து, நீர்த்துப்போய்தான் அது வருகிறது. தங்கலின் மகிமைக்கு அதுவே சாட்சி.

எல்லா ஊருக்கும் ஒரே வடிகால் வரைபடம் சரிவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். புனேயின் கருங்கல்லில் உறிஞ்சுகுழியை எங்கே வேண்டுமானாலும் தோண்ட முடியாது. வெடிப்பு இருக்கும் இடம் பார்க்க வேண்டும், இல்லாத இடத்தில் குளமாகத்தான் நிறுத்த வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலைமை நேரெதிர். கோவளம் வடிநிலத்தில் ஜெர்மன் கடனில் கான்கிரீட் மழைநீர் வடிகால் போட மாநகராட்சி வந்தபோது, கடலோரத்தில் இருந்தவர்களே வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மணல் தானே குடித்துக்கொள்ளும், குடித்தால்தான் கடல் உப்பு உள்ளே ஏறாது, வடிகால் போட்டு நன்னீரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள் என்பது அவர்கள் வாதம். நீரியல் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அண்மையில் கிண்டி பந்தய மைதானத்தில் குளங்கள் வெட்டி வேளச்சேரிப் பக்கம் போகும் வெள்ளத்தை மேலேயே பிடித்து வைக்க முயன்றிருப்பது, கான்கிரீட்டில் கொட்டிய கோடிகளைவிட எனக்கு நம்பிக்கை தருகிறது.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கும், பெரும்பாலும் பூந்தொட்டிக்கோ ஸ்கூட்டருக்கோ அடியில். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே அதன் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே படிந்த சேற்றை வழித்தெடுத்து, மணலையும் ஜல்லியையும் கழுவிப் போடுங்கள். மொட்டைமாடியைப் பெருக்கி, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள். அந்தக் குழாய் இப்போது பாதாள சாக்கடையில் போய் முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கேதான் முடிகிறது என்றால் முதல் வேலையாக அதைத் துண்டியுங்கள்.